போட்டதாகச் சொல்லும் ரோட்டின் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி

எங்கள் பக்கத்துத் தெருவில் பூ கட்டி விற்கும் அக்கா ஒருவர், வீட்டு வாசலில் சாக்கடைத் தண்ணீர் தேங்குகிறது என்று கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளன்று நான்கு முறை மனு கொடுத்தார். நான்குக்கும் ரசீது உண்டு. ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே அவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறார். நான்கு மனுவும் ஊரைச் சுற்றிவிட்டு, யாரைப் பற்றிப் புகாரோ அவர்கள் மேஜைக்கே வந்து சேர்ந்தன. கடைசி மனுவுக்கு ஒரு வரியில் பதில் வந்தது: 'மேற்படி வடிகால் பணி ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது.'

அக்கா அதைப் படித்துவிட்டு அழுதார். எனக்கு மட்டும் அந்த வரியில் ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. முடிந்த வேலை என்றால் அதற்கு எஸ்டிமேட் இருக்க வேண்டும். டெண்டர், பணி ஆணை, எம்-புக் (நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்), பில் எல்லாம் இருக்க வேண்டும். இவற்றின் நகலைக் கேட்கத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்: தமிழ்நாட்டில் 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. சிக்கலெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதல் சிக்கல் அந்த 10 ரூபாயிலேயே இருக்கிறது. ஒட்ட வேண்டியது கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அதாவது நீதிமன்றக் கட்டண வில்லை. ரெவின்யூ ஸ்டாம்ப்பையோ தபால் தலையையோ ஒட்டிவிட்டு, மனு திரும்பி வந்ததும் 'அலைய விடுகிறார்கள்' என்று கோபப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் ஆபீஸ்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வாயால் சொன்னால் போதாது, சான்றின் நகலை இணைக்க வேண்டும்.

அடுத்தது யார் கேட்பது என்பது. சட்டம் இந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. தெரு நலச் சங்கத்தின் லெட்டர்பேடில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று கையெழுத்தும் சங்க சீலும் வைத்து அனுப்பினால் கனமாகத்தான் இருக்கும். 'சங்கம் குடிமகன் ஆகாது' என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் அது வசதி. ஒருவர் பெயரில், வீட்டு முகவரியோடு, வெள்ளைத் தாளில் எழுதுங்கள். சங்கத்தின் பெயரே வேண்டாம்.

பெரும்பாலான மனுக்கள் விழுவது கேள்வியில்தான். 'எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை? இதற்கு யார் பொறுப்பு? எப்போது சரி செய்வீர்கள்?' நியாயமான கேள்விகள்தான். ஆனால் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கொடுக்க வேண்டும், புதிதாக விளக்கமோ கருத்தோ எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் சொல்லியிருக்கிறது. 'ஏன்' என்று ஆரம்பித்தாலே அந்தக் கதவு வழியாக வெளியே போய்விடுவார்கள். கூடவே திட்டு, சாபம், 'நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்' எல்லாம் சேர்ந்தால் அது புகார் மனுவாகி வேறு கோப்புக்குப் போய்விடும்.

நாங்கள் கேட்டது இப்படி: 'இன்ன வார்டு, இன்ன தெருவில் இன்ன நிதியாண்டில் நடந்த மழைநீர் வடிகால் பணியின் மதிப்பீட்டு நகல், பணி ஆணை நகல், அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்குரிய பக்கங்களின் நகல், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியலின் நகல்.' அவ்வளவுதான். தார் ரோடு என்றால் இன்னொன்றையும் சேருங்கள்: பழைய தாரைச் சுரண்டி எடுக்க எஸ்டிமேட்டில் எவ்வளவு தொகை என்று காட்டும் பக்கம். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டு வீடுகளைப் பள்ளமாக்காதீர்கள் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே எழுதினார். அதற்குப் பிறகும் வாசற்படி கீழே போய்க்கொண்டிருக்கும் தெருக்கள் எத்தனையோ.

அப்புறம், அந்த ரோடு யாருடையது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பஸ் போகிற மெயின் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. தெரு பேரூராட்சியுடையது. குழாய்க்குத் தோண்டிவிட்டு மூடாமல் போனது குடிநீர் வடிகால் வாரியத்தின் ஒப்பந்ததாரராக இருக்கலாம். தவறான இடத்துக்குப் போட்டாலும், உரிய அலுவலகத்துக்கு 5 நாளில் அவர்களே அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. நடப்பதோ, 28-ஆம் நாள் 'இவ்வலுவலகத்தைச் சார்ந்ததல்ல' என்று ஒரு கடிதம். ஒரு மாதம் போச்சு. சந்தேகம் இருந்தால் இரண்டு இடத்துக்கும் தனித்தனி மனுவாகப் போட்டுவிடுங்கள். 20 ரூபாயோடு முடிந்தது.

நேரில் கொடுத்தால் தேதியோடு சீல் போட்ட நகலை வாங்காமல் நகராதீர்கள். 'தபால் செக்‌ஷன் மேடம் லீவு, வைத்துவிட்டுப் போங்க' என்பார்கள். வைக்காதீர்கள். நேராகப் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் ஒப்புகையோடு அனுப்புங்கள். ரெஜிஸ்டர் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். 30 நாள் எண்ணிக்கைக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம்.

பதில் வந்தாலும் அதில் சூட்சுமம் உண்டு. '640 பக்கம் உள்ளது, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 1,280 ரூபாய் கட்டவும்' என்று ஒரு கடிதம் வரும். நீங்கள் பயந்து விட்டுவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்தக் கடிதத்தை அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கடிகாரமும் நின்றுவிடும். அதனால் மனுவிலேயே 'முதலில் கோப்பை நேரில் பார்வையிட்டு, தேவையான பக்கங்களை மட்டும் நகலெடுக்க விரும்புகிறேன்' என்று எழுதிவிடுங்கள். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. சட்டப்படி ஆவணத்தை மட்டுமல்ல, நடந்த பணியையும் பார்வையிடலாம்; பொருளின் சான்றளித்த மாதிரியையும் கேட்டு வாங்கலாம். பேவர் பிளாக் விரலால் அமுக்கினாலே உதிர்கிற தெருக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

30 நாளில் பதிலே வரவில்லை என்றால் பொறுமையாகக் காத்திருக்க வேண்டாம். கெடு முடிந்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். 'இன்னும் ஒரு வாரம் பொறுங்க சார், எம்-புக் ஆடிட்டுக்குப் போயிருக்கு' என்று போனில் இனிமையாகச் சொல்லிச் சொல்லியே இந்தக் கெடுவைத் தாண்ட வைத்துவிடுவார்கள். என்னையும் ஒருமுறை அப்படித் தாண்ட வைத்தார்கள். கெடு கடந்தபின் கொடுக்கப்பட்ட தகவலுக்குப் பக்கக் கட்டணம் கிடையாது, அதையும் கேட்காமல் கட்டிவிடாதீர்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போடும் அதிகாரம் ஆணையத்துக்குத்தான் உண்டு. முதல் மனுவிலேயே அபராதம் என்று மிரட்டி எழுதுவதால் பயன் இல்லை.

மனு போட்ட பத்து நாளில் ஒப்பந்ததாரர் தரப்பிலிருந்து 'என்ன தம்பி, எதுவும் பிரச்சினையா' என்று போன் வரலாம். எனக்கு வந்தது. மனுவில் எழுதிய கைபேசி எண் அவர் கைக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. அடுத்த மனுவிலிருந்து எண் எழுதுவதை நிறுத்திவிட்டேன். முகவரி போதும், சட்டம் அதற்கு மேல் கேட்பதில்லை.

கோப்பைப் பார்க்கப் போன அன்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். எம்-புக்கில் நீலப் பேனாவில் வடிகாலின் நீளம் 86 மீட்டர், அகலம், ஆழம் எல்லாம் அழகாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்துக்கு மட்டும் 2 ரூபாய் கட்டிச் சான்றொப்பமிட்ட நகல் வாங்கினோம். சாயங்காலம் கொத்தனார் ஒருவரிடம் 30 மீட்டர் டேப் இரவல் வாங்கி, ஒரு முனையை அக்கா பிடிக்க, தெருமுனையிலிருந்து வடிகால் முடியும் இடம் வரை அளந்தோம். 61 மீட்டர். அக்கா வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே வடிகால் நின்றுவிட்டது. மறுநாள் ஓவர்சியரிடம் சொன்னால், 'டேப் இழுபட்டிருக்கும் சார்' என்கிறார். இழுபட்ட டேப் என்றால் மிச்சம் 25 மீட்டரும் டேப்புக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

அந்த நகலையும் நாங்கள் அளந்த கணக்கையும் இணைத்துத்தான் அக்காவின் ஐந்தாவது மனு போனது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. போன வாரம் ஒரு லோடு ஜல்லி மட்டும் தெருமுனையில் வந்து இறங்கியிருக்கிறது.