‘எதுனாலும் ஓகே மேடம்’: தீபாவளி சீசன் வேலைக்கு வருகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆடித் தள்ளுபடிப் பலகைகளைக் கழற்றுவதற்கு முன்பே, தியாகராய நகரின் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் தீபாவளிக்கு ஆள் எடுக்கும் வேலை தொடங்கிவிடும். மதுரை விளக்குத்தூண், கோவை ஒப்பணக்காரத் தெரு, திருச்சி என்.எஸ்.பி. சாலை என்று ஜவுளி வியாபாரம் நடக்கும் எல்லா ஊர்களிலும் இதே நிலைதான். ஒரு ஜவுளிக் கடையின் மனிதவளப் பிரிவில் இருந்துகொண்டு ஆண்டுதோறும் இந்த நேர்காணல்களை நடத்துகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பொறுமையாக எழுதத்தான் நினைத்தேன். கடந்த வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பொறுமை இல்லை.

விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி தன் அம்மாவோடு வந்து, எங்கள் கடை வாசலில் செக்யூரிட்டியிடம் கைபேசியை நீட்டியபடி நின்றார். அதில் எங்கள் கடையின் முத்திரையோடு ஒரு பணி நியமன ஆணை இருந்தது. மாதச் சம்பளம் ₹22,000, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், திங்கட்கிழமை வந்து சேரவும் என்று அச்சிட்டிருந்தது. சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் என்று ₹3,500 அனுப்பியிருக்கிறார். அந்த ஆணையில் கையெழுத்திட்டிருந்த ‘எச்.ஆர். மேனேஜர்’ எங்களிடம் எந்தக் காலத்திலும் வேலை பார்த்ததில்லை; கொடுத்திருந்த எண்ணும் அணைக்கப்பட்டிருந்தது. பணம் அனுப்புவதற்கு முன்பு கடைக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் பதில் சொன்னார்: “கேள்வி கேட்டா வேலை போயிடுமோன்னு பயந்துட்டான் மேடம்.”

இந்த ஆண்டு இப்படி வந்தவர்களில் அவர் முதல் ஆள் அல்லர். இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பதை நான் விளக்கப் போவதில்லை. செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் அது தெரியும். அந்தப் பயத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணத்தைப் பறிகொடுப்பவர்கள் மட்டுமல்ல, உண்மையான கடையில் உண்மையான நேர்காணலுக்கு வந்து உட்காருகிறவர்களும் அதே பயத்தோடுதான் உட்காருகிறார்கள்.

வேலை தேடுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது, கேட்டதற்குத் தலையாட்ட வேண்டும், சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் பேராசைக்காரர் என்பார்கள், வேலை நேரத்தைக் கேட்டால் சோம்பேறி என்பார்கள் என்று யாரோ இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். எந்த செக்ஷனில் வேலை செய்ய விருப்பம் என்று கேட்டால், “எதுனாலும் ஓகே மேடம்.” இரவு எத்தனை மணி வரை இருக்க முடியும் என்றால், “எவ்வளவு நேரம்னாலும் ஓகே மேடம்.” சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால், “நீங்க பார்த்துக் குடுங்க மேடம்.” பணிவாக நடந்துகொண்டோம், வேலை உறுதி என்ற நிம்மதியோடு எழுந்து போகிறார்கள். என் கையில் இருக்கும் தாளிலோ அவர்களைப் பற்றி எழுத ஒரு வரிகூடத் தேறியிருக்காது.

இதைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும். சீசன் ஆள் எடுப்பில் எனக்கு இருக்கிற ஒரே பெரிய கவலை, எடுத்த ஆள் தீபாவளிக்கு முந்தைய கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் இருப்பாரா என்பதுதான். ரேக் எங்கே, விலை டேக்கில் எதைப் பார்க்க வேண்டும், பில்லிங்குக்கு எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துப் பழக்கிய ஆள் நடு சீசனில் நின்றுவிட்டால், அந்த இடத்தில் இன்னொருவரைப் பழக்க நேரம் இருக்காது. அப்படிப் பாதியில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ‘ஓகே’ சொன்னவர்கள்தாம். கடை மூட இரவு பத்தரை ஆகும் என்பதே அவர்களுக்கு மூன்றாம் நாள்தான் உறைக்கிறது. வீட்டுக்குப் போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை அதற்குப் பிறகுதான் விசாரிக்கிறார்கள். சென்ற சீசனில் ஒரு பெண் நேர்காணலில் என்னிடம் திருப்பிக் கேட்டார்: “கடை மூடினதுக்கு அப்புறம் கவுண்டர்ல துணியை எல்லாம் மடிச்சு வெச்சுட்டு வெளிய வர எத்தனை மணி ஆகும் மேடம்? மாம்பலத்துல செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்கணும்.” தினமும் வந்துபோவதை மனத்தில் நடத்திப் பார்த்தவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். அவரைத் தயங்காமல் எடுத்துக்கொண்டேன், தீபாவளிக்கு முந்தைய இரவு வரை அவர் இருந்தார்.

ஆகவே கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுகிற கடை இருந்தால், உள்ளே வேலை எப்படி இருக்கும் என்பதை அந்தக் கோபமே சொல்லிவிடும்.

முதலில் நேரத்தைக் கேளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் அதன் கணக்கு. அதற்கு மேல் செய்யும் மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும் என்பதும், வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்பதும் அதே சட்டத்தில் இருக்கின்றன. சீசனில் வார விடுப்பைப் பல கடைகள் நிறுத்திவைக்கும் என்பது என்னைப் போன்றவர்கள் மூடி மறைக்க முடியாத உண்மை. நிறுத்திவைக்கும் நாளுக்கு என்ன தருவார்கள், மாற்று விடுப்பா, ஊதியமா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு. உட்கார்வதைப் பற்றியும் கேட்கலாம். 2021ஆம் ஆண்டு இந்தச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று தமிழக அரசு கொண்டுவந்தது. கேரளம் 2018இலேயே அதைச் செய்திருந்தது. ஸ்டூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நேர்காணல் கூட வேண்டாம், வாடிக்கையாளர்போல அந்தக் கடைக்குள் ஒரு முறை நடந்து வந்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது சம்பளம். மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கைக்கு எவ்வளவு வரும், எந்தத் தேதியில் வரும், வங்கிக் கணக்கிலா கையிலா என்று கேளுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்துசேர வேண்டும். சில இடங்களில் முதல் பத்து நாள் சம்பளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, தீபாவளிவரை இருந்தால்தான் தருவோம் என்பார்கள். வேறு சில இடங்களில் செக்ஷனில் சரக்குக் குறைந்தால் அங்கே வேலை செய்த எல்லோருடைய சம்பளத்திலும் பங்கு போட்டுக் கழிப்பார்கள். இப்படி ஏதாவது உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். சட்டப்படியான பிடித்தம் வேறு. தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்காகச் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிப்பார்கள். ₹14,000 சம்பளத்துக்கு அது ₹105தான். அதைப் பிடிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஏணியிலிருந்து சரக்கு எடுக்கும்போது விழுந்து கை முறிந்தால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ₹105தான்.

போனஸைப் பற்றி யாருமே கேட்பதில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், ஒரு கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸுக்குத் தகுதி உண்டு. குறைந்தபட்ச அளவு 8.33 விழுக்காடு. ‘சீசன் ஆளுக்குப் போனஸ் கிடையாது’ என்று எந்தச் சூப்பர்வைசராவது சொன்னால், ஆட்சேர்ப்புப் பிரிவில் வந்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

நேர்காணலில் நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும் பத்தியை மனப்பாடம் செய்து வருவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். ரங்கநாதன் தெருவில் அதைக் கேட்க வாடிக்கையாளர் எவரும் வருவதில்லை. நான் மேசைமேல் இருக்கும் ஒரு சட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லி, மறுபடி மடித்து வைக்கச் சொல்வேன். காலரைப் பிடித்துத் தூக்குகிறவரும், இரண்டு தோள்பட்டையையும் பிடித்து முன்பக்கம் எதிரே இருப்பவருக்குத் தெரியும்படி விரிக்கிறவரும் அந்த அரை நிமிடத்தில் தனித்தனியாகத் தெரிந்துவிடுவார்கள். பிறகு, ₹1,850 விலையுள்ள சட்டைக்கு 20 விழுக்காடு தள்ளுபடி போனால் எவ்வளவு என்று கேட்பேன். பத்து விழுக்காடு ₹185, இரண்டு மடங்கு ₹370, மீதி ₹1,480 என்று வாய்விட்டுக் கணக்குப் போடுகிறவரை எனக்குப் பிடிக்கும். கைபேசியைத் தேடுகிறவரையும் நான் கழித்துவிடுவதில்லை, அவரை பில்லிங் பக்கமோ பேக்கிங் பக்கமோ வைக்கலாம். கடைசியாக, ஒருவர் பன்னிரண்டு சேலைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் எழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். “மடிச்சு வெச்சுட்டு, அடுத்த வாரம் புது ஸ்டாக் வருதுக்கா, அப்ப வாங்கன்னு சொல்வேன்” என்ற பதிலுக்கு மேல் எனக்கு எதுவும் தேவையில்லை. சீசன் முடியும்வரை இருக்க முடியாது, கல்லூரியில் தேர்வு இருக்கிறது என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். வார இறுதி நாள்களுக்கு மட்டும் ஆள் தேவைப்படும் செக்ஷன்கள் இருக்கின்றன.

வேலைக்குப் பணம் கட்டாதீர்கள். பதிவுக் கட்டணம், சீருடை, அடையாள அட்டை, பயிற்சி, திருப்பித் தரும் முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு, ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்புக் குறையும். வாட்ஸ்அப்பில் வந்த ஆணை உண்மையா என்று தெரிய வேண்டுமானால், அந்தச் செய்தியில் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். கடையின் பில்லிலோ பையிலோ அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். இடைத்தரகர் இல்லாமல் தேட விரும்புகிறவர்களுக்கு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் இருக்கின்றன. அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளமும் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். அசலைக் காட்டுங்கள், சரிபார்த்த பிறகு கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், நகலைக் கொடுங்கள். ‘பாதுகாப்பாக வைத்திருப்போம்’ என்று சொல்லி வாங்கிவைப்பது நீங்கள் ஓடிவிடாமல் இருப்பதற்காகத்தான். எங்கள் துறையில் இந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆதார் நகலில் என்ன காரணத்துக்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் வகையில் ஆதாரைப் பதிவிறக்கவும் வழி இருக்கிறது. சம்பளக் கணக்கு என்று சொல்லி உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் தங்களிடமே வைத்துக்கொள்கிறோம் என்று எவராவது சொன்னால், அங்கே ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். அந்தக் கணக்கில் யாருடைய திருட்டுப் பணம் வந்து போனாலும், காவல்துறை தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தென் மாவட்டங்களிலிருந்து பெண் பிள்ளைகளை இங்கே விடுதியில் தங்கவைத்து வேலைக்கு அனுப்புகிறீர்கள். அனுப்பும் முன் ஒரு முறை நேரில் வந்து விடுதியைப் பாருங்கள். அது 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற பெண்கள் விடுதியா, ஓர் அறையில் எத்தனை பேர், இரவு கடையிலிருந்து யார் அழைத்துவருகிறார்கள், வீட்டோடு பேச எந்த நேரத்தில் விடுவார்கள் என்று கேளுங்கள். கடைக் கட்டிடத்திலேயே மேல்தளத்தில் படுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக் கட்டிடம் அதிகாலையில் பற்றி எரிந்தபோது, மேல்தளத்தில் சிக்கிக்கொண்டவர்கள் கடையின் பணியாளர்கள்தாம். தீயணைப்பு வீரர்கள் அவர்களை மீட்டார்கள், கட்டிடம் மிஞ்சவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லி அனுப்புவதையும் நிறுத்துங்கள். 17 வயது நிரம்பாதவரை இரவு 7 மணிக்கு மேல் கடையில் வேலை வாங்கக் கூடாது என்கிறது சட்டம். சீசன் வியாபாரமே 7 மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும் என்பதால், உங்கள் பொய் முதலில் வதைக்கப் போவது உங்கள் பிள்ளையைத்தான்.

சொன்னபடி நடக்கவில்லை என்றால், அந்த மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும் என்பதால் சேர்ந்த தேதி, பேசிய சம்பளம், தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்துவாருங்கள். கணக்கு முடிக்கும் நாளையும் சேரும்போதே கேட்டு வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு கடை மூட நள்ளிரவு தாண்டிவிடும், மறுநாள் அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டோம், ஊருக்குப் போகும் அவசரத்தில் மீதிச் சம்பளத்தை வாங்காமலே வண்டி ஏறிவிடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். சம்பளத்தோடு அனுபவச் சான்றிதழையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், உங்களை வேலை வாங்கிய ஃப்ளோர் சூப்பர்வைசரே அதற்குள் வேறு கடைக்கு மாறியிருப்பார்.