"விலக்கிவிடத்தான் சார் போனேன்"

நான் பாஸ்கெட்பால் ரெஃப்ரீ. போன வருஷம் ஒரு டிஸ்ட்ரிக்ட் மேட்ச்ல, கூடைல விழாம திரும்பி வந்த பந்தைப் புடிக்க (ரீபவுண்டு) ஏறின ரெண்டு பசங்க கீழ வந்ததும் ஜெர்சியைப் புடிச்சுக்கிட்டாங்க. கூட இருந்த ரெஃப்ரீ நடுவுல பாஞ்சாரு, நான் ரெண்டடி பின்னாடி போய் மாத்து ஆட்டக்காரங்க உக்கார்ற பெஞ்சையே பாத்துட்டு நின்னேன், கேலரில "ரெஃப்ரீ வேடிக்கை பாக்குறான்"னு ஒரே சத்தம். வேடிக்கை இல்லைங்க, பெஞ்சுல இருந்து யார் யார் எறங்குறாங்கன்னு நம்பரை மனசுல ஏத்திக்கிறதுதான் அப்போ என் வேலை. 11ம் நம்பர் பையன் கழுத்துல துண்டோட ஓடி வந்து அவன் ஃப்ரெண்டை இடுப்போட கட்டி இழுத்தான், யார் மேலயும் கை வைக்கல. அவனையும் வெளிய அனுப்பினேன். "விலக்கிவிடத்தான் சார் போனேன்"னு அழுதான், பாவமாத்தான் இருந்துச்சு.

ஆனா உலக பாஸ்கெட்பால் அமைப்பான ஃபிபாவோட ரூல் அப்படி. சண்டை நடக்கணும்னுகூட இல்ல, வரப்போற மாதிரி இருந்தாலே பெஞ்ச் ஏரியாவைத் தாண்டினவங்க டிஸ்குவாலிஃபை. ஹெட் கோச்சும் ஃபர்ஸ்ட் அசிஸ்டண்டும் மட்டும் வரலாம், அதுவும் எங்களுக்கு உதவ. அமெரிக்க லீக் என்.பி.ஏ.லயும் இதே கதைதான், 2007 பிளேஆஃப்ல சான் அன்டோனியோவோட ராபர்ட் ஹாரி ஃபீனிக்ஸோட ஸ்டீவ் நாஷை ஸ்கோரர் டேபிள் மேல தள்ளினப்போ, நாஷோட டீம்காரங்க ஸ்டவுடமையரும் டியாவும் பெஞ்சை விட்டு கொஞ்ச தூரம் நடந்தாங்க, அவ்ளோதான், ரெண்டு பேருக்கும் அடுத்த மேட்ச் தடை, அந்த மேட்ச்ல ஃபீனிக்ஸ் 88-85ன்னு தோத்துச்சு. 2018ல பிலிப்பைன்ஸ்-ஆஸ்திரேலியா மேட்ச்ல சண்டை வந்து 13 பேர் வெளிய போய், பிலிப்பைன்ஸுக்கு மிச்சம் மூணே பேர்!

அப்புறம் ஃபவுல் குடுத்ததும் பசங்க சொல்ற அந்த "வேணும்னே பண்ணல சார்". உங்க மனசுக்குள்ள எட்டிப்பாக்க எனக்குத் தெரியாது. கை பந்துக்குப் போச்சா, இடி எவ்ளோ பலமா விழுந்துச்சு, இதைத்தான் பாக்குறேன். ஃபாஸ்ட் பிரேக்ல, அதாவது எதிரணி திரும்பறதுக்குள்ள வேகமா கூடைக்கு ஓடுறவனை நிறுத்த பின்னாடி இருந்து லேசா ஜெர்சியை இழுத்தாலும் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல்தான், எதிரணிக்கு யாரும் தடுக்காம கூடைல போட ரெண்டு வாய்ப்பு (ஃப்ரீ த்ரோ), பந்தும் அவங்களுக்கே, ஒரே ஆள் ரெண்டாவது தடவை வாங்கினா வீட்டுக்கு. டிவில கேக்குற 'ஃபிளாக்ரண்ட் 1, 2' ஃபவுல் என்.பி.ஏ.வோட கணக்கு: தேவையில்லாத இடின்னா 1, தேவையும் இல்லாம அளவும் மீறினா 2, நேரா வெளிய. அங்க குத்து விட்டு அது படாம போனாலும் வெளியதான், கூட ஒரு மேட்ச்சாவது தடை.

இப்பல்லாம் டாஸ்... சாரி, மேட்ச்சை ஆரம்பிக்க பந்தைத் தூக்கிப் போடுற ஜம்ப் பாலுக்கு முன்னாடியே ரெண்டு கோச்சுகிட்டயும் போய் பெஞ்ச் விஷயத்தை சொல்லிடுறேன். போன மாசம் ஒரு தள்ளுமுள்ளுல ஒரு அசிஸ்டண்ட் கோச் பெஞ்சுக்கு முன்னாடி ரெண்டு கையையும் அகட்டிக்கிட்டு நின்னாரு, பின்னாடி ஏழு பசங்க, ஒருத்தனும் எந்திரிக்கல.