அந்தக் கார்டிசால் யாருடையது?

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரின் கேள்வி: “காலையில் எடுத்த ரத்தத்தில் கார்டிசால் 38 என்று வந்திருக்கிறது. நார்மல் 5–25 என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. நீ டென்ஷன் ஆவதால்தான் என்று வீட்டில் திட்டுகிறார்கள். குழந்தைக்கு ஆபத்தா?”

கார்டிசால் என்பது மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன். அந்த 5–25 கர்ப்பம் இல்லாதவர்களுக்கானது. கடைசி மூன்று மாதங்களில் இரண்டு மூன்று மடங்கு ஏறுவது இயல்பு. ஈஸ்ட்ரோஜன் கூடும்போது, கார்டிசாலைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் அதிகமாகத் தயாரிக்கிறது. ரத்தப் பரிசோதனை பிடிபட்டதையும் சேர்த்தே எண்ணும். இது ஒரு காரணம். இன்னொன்றுதான் அழகு.

மூளையின் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடும். பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போய்க் கார்டிசால் சுரக்கும். பள்ளியில் படித்ததுதான். கார்டிசால் கூடினால் ஹைப்போதலாமஸ் அடங்கிவிடும். நஞ்சுக்கொடியும் அதே சி.ஆர்.எச்.ஐத் தயாரித்துத் தாயின் ரத்தத்தில் விடுகிறது, ஆனால் கார்டிசாலைக் கண்டால் இன்னும் அதிகமாக! மேல்தொட்டியின் ஃப்ளோட் சுவிட்சை மாற்றி இணைத்தது போல, நிரம்ப நிரம்ப மோட்டார் வேகமெடுக்கிறது. ரத்தத்தில் ஒரு புரதம் சி.ஆர்.எச்.ஐக் கட்டிப்போடுவதால் உடல் பல மாதம் சமாளிக்கிறது. பிரசவம் நெருங்கும்போது அந்தப் புரதம் குறைகிறது. 1995இல் ஆஸ்திரேலியாவின் ரோஜர் ஸ்மித் குழு இதை ‘நஞ்சுக்கொடிக் கடிகாரம்’ என்றது: 16–20 வாரத்திலேயே சி.ஆர்.எச். கூடுதலாக இருந்தவர்களுக்குப் பிரசவம் முந்தியது.

ஆக, அந்த 38இல் பெரும்பங்கு கர்ப்பத்தின் கைவேலை. தாயின் கார்டிசாலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி வீரியமற்ற கார்டிசோனாக்கித்தான் குழந்தையிடம் விடுகிறது. (அந்த நொதியை முடக்கக்கூடியது அதிமதுரத்தின் கிளிசிரைசின். இருமலுக்கென்று தினமும் கஷாயம் குடிக்கும் கர்ப்பிணிகள் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.)

ஆய்வுக்கு அளப்பவர்கள் உமிழ்நீரையே விரும்புகிறார்கள். புரதத்தில் சிக்காத கார்டிசால்தான் அதில் இறங்கும். கண்விழித்ததும் ஒன்று, 30 நிமிடத்தில், 45 நிமிடத்தில், இரவு படுக்குமுன் ஒன்று. அதுவும் ஒரு நாளோடு நிற்பதில்லை. காலை மாதிரிகள் முடியும்வரை பல் தேய்க்கக் கூடாது, காபியும் கூடாது. விழித்த நேரத்தைப் பத்து நிமிடம் தவறாக எழுதினாலே காலை உச்சம் நழுவிவிடும். கர்ப்பத்தில் ஈறு எளிதில் கசியும். ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக வந்த மாதிரியைக் கொட்டிவிட வேண்டியதுதான். பழைய மாதங்களை அறிய, உச்சந்தலையின் பின்புறம் தோலை ஒட்டி வெட்டிய முடி உதவும்: மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளர்வதால் 3 செ.மீ. என்றால் மூன்று மாதம். சாயம் பூசிய முடி கணக்கைக் கெடுக்கும்.

இத்தனை செய்தாலும் கிடைப்பது ஹார்மோனின் போக்குதான், மனதின் பாரம் அல்ல. ஒரே ஒரு காலை ரத்தத்தை வைத்து ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்று விற்பது என் பார்வையில் காசுக்குக் கேடு. மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் வந்த எடின்பரோ அளவுகோல் ஒரு தாள்தான்: கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0–3, மொத்தம் 30. பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். மாமியாரை அருகில் உட்காரவைத்துக் கேட்டால் எல்லாமே பூஜ்யமாக வரும்; தனியே கேட்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் இல்லையென்றால், மொத்தம் 5 ஆனாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.