வானொலியில் ஓடுமா கப்பல்?

மாதிரிப் போர்க்கப்பல் ஒன்றோடு வந்த தமிழ்க் குறிப்புத் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். ‘வானொலிக் கட்டுப்பாட்டுக் கப்பல்’ என்று தலைப்பு, ‘ரேடியோ கண்ட்ரோல்’ என்பதன் மொழிபெயர்ப்பு. மூன்றாம் வரியில், ‘முதலில் வானொலியைப் போடவும், முடிந்ததும் அதைக் கடைசியாக அணைக்கவும்.’ பக்கத்தில் பீரங்கிக் கோபுரத்துக்குச் சாம்பல் பூசிக்கொண்டிருந்த அக்கா மகன் நிமிர்ந்து, “மாமா, இதுல பாட்டும் வருமா?” என்றான். அவன் கேட்டதில் தவறே இல்லை. இந்த ‘வானொலிக் கட்டுப்பாடு’ என் கண்ணில் படுவது இது முதல் தடவையும் இல்லை.

ரேடியோ, லத்தீன் ‘ராடியுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. சக்கரத்தின் ஆரக்காலும் ஒளிக்கதிரும் அதன் பொருள்கள்; வடிவியலில் நாம் ஆரம் என்பதும் அதையே. கம்பியில்லாத் தந்திக்கு முன்னொட்டாக ஒட்டிக்கொண்டிருந்து, அப்புறம் தனிச் சொல்லானது. அதில் ஒலி எங்குமே இல்லை. ஒலிபரப்பு வந்த பிறகு, பேசும் பெட்டிக்கு நாம் வைத்த பெயர் வானொலி. அந்தப் பெட்டிக்கு அது மிக நல்ல பெயர்.

சிக்கல், அந்தப் பெயரை ரேடியோ அலைக்கும் சூட்டியபோது தொடங்கியது. அந்த அலையால் இயங்கியதாக உலகுக்கு முதலில் காட்டப்பட்டவற்றுள் ஒன்று ஒரு சின்னப் படகு. 1898-இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா அதைத் தொட்டித் தண்ணீரில் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் காப்புரிமையும் பெற்றார். வீடுகளுக்கான ஒலிபரப்பு தலையெடுத்தது 1920-ஐ ஒட்டித்தான். பாட்டுப் பெட்டி பிறப்பதற்கு இருபது ஆண்டு முன்பே ஓடிய படகை வானொலிப் படகு என்றால், பேரன் பெயரைத் தாத்தாவுக்கு வைத்த கதைதான்.

‘பழகிவிட்டதே, விடுங்களேன்’ என்பார்கள். மற்ற இடங்களில் விட்டுவிடலாம். மாதிரிப் போர்க்கப்பலில் விட முடியாது, ஏனென்றால் அதற்குள் ஒலியும் தனியாக இருக்கிறது. சங்கொலி, எஞ்சின் உறுமல், பீரங்கி முழக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு ஒலிப்பலகையும் ஸ்பீக்கரும் தளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். ‘வானொலி வழியாக ஒலியை இயக்கலாம்’ என்று அந்தத் தாளிலேயே ஒரு வரி வருகிறது. எது எதை இயக்குகிறது என்று மூன்று முறை படித்தேன். கையிலிருக்கும் அனுப்பியின் குச்சியைத் தள்ளினால் அலையில் ஏறிப் போவது கட்டளை மட்டுமே. கப்பலுக்குள் அலையை வாங்கும் ஏற்பி அதை மின்துடிப்பாக்கி, சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவுக்குக் கொடுக்கும். துடிப்பின் நீளம் 1.5 மில்லிநொடி என்றால் சுக்கான் நேராக நிற்கும். 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். இதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

‘கதிரலை’ என்ற ஆக்கமும் இருக்கிறது. லத்தீனுக்கு நெருக்கமானது என்று அதன் ஆதரவாளர்கள் மார்தட்டுவார்கள். நெருக்கம்தான், ஆனால் தமிழில் கதிரியக்கமும் கதிர்வீச்சும் ஏற்கெனவே அந்த வீட்டில் குடியிருக்கின்றன. கதிரலைக் கப்பல் என்றால் அணு உலையில் ஓடுவதோ என்றுதான் தோன்றும். ‘தொலைக்கட்டுப்பாடு’ பிழையில்லை, ஆனால் அகலம் அதிகம். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் வெடிமருந்துப் படகுகளைக் கரையிலிருந்து நீளமான கம்பி வழியே செலுத்தினார்கள், அதுவும் தொலைவிலிருந்துதான்.

எனக்கு ‘வானலை’ போதும். ஒலிபரப்புக்காரர்கள் புழங்கிப் பழக்கிய சொல், ஒலியை இழுத்துவராத சொல். கூடவே ‘கட்டுப்பாடு’ வேண்டாம். அது தடையும் ஒழுக்கமும் பேசுகிற சொல். கப்பலை நாம் இயக்குகிறோம். ஆக, வானலைவழி இயங்கும் கப்பல்; சுருக்கமாக வானலைக் கப்பல். வாய்ப்பேச்சில் ரேடியோ கண்ட்ரோலைச் சுருக்கி ஆர்.சி. கப்பல் என்றோ ரிமோட் கப்பல் என்றோ சொன்னால் எனக்கு வருத்தமே இல்லை. தப்பான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

அந்தத் தாளில் இன்னும் கொடுமைகள் உண்டு. ஏற்பியைப் ‘பெறுநர்’ என்று போட்டிருக்கிறார்கள், கடித உறையில் எழுதுவதுபோல. ‘பெறுநரை நீர்மட்டத்துக்கு மேலே பொருத்தவும்’ என்று படித்தால் யாரையோ நாற்காலியில் ஏற்றி உட்காரவைப்பதுபோல் இருக்கிறது. ஆறு சேனல் கருவி ‘ஆறு அலைவரிசை வானொலி’ ஆகியிருக்கிறது. இங்கே சேனல் என்பது தனித்தனியாக இயக்கும் வேலைகளின் எண்ணிக்கை: சுக்கானுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, பீரங்கிக் கோபுரம் திரும்ப ஒன்று, சங்கொலிக்கு ஒன்று. அதைத் தமிழில் ‘தடம்’ என்றால் முடிந்தது. அலைவரிசை என்பது 40 மெகாஹெர்ட்ஸா, 2.4 கிகாஹெர்ட்ஸா என்ற வேறு கேள்வி. அகராதியைத் திறந்தவர் கப்பல் பெட்டியையும் ஒருமுறை திறந்திருக்கலாம்.

கடைசியில் அந்த மூன்றாம் வரியை அடித்துவிட்டு, பையனுக்காகப் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன்: ‘முதலில் கையிலிருக்கும் அனுப்பியின் சுவிட்ச், பிறகு கப்பலின் சுவிட்ச். கரைக்கு எடுத்ததும் முதலில் கப்பலை அணை, அப்புறம் அனுப்பியை. மாற்றிச் செய்தால் கப்பல் தானாக மோட்டாரைச் சுழற்றலாம், விரல் பத்திரம்.’ படித்துவிட்டு, “அப்போ பாட்டு வராதா?” என்றான்.