பேசும் முன் கேட்கும் கருவிகள்

கடலூர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகில் விஎச்எஃப் கருவி (கடலில் குரலால் பேச உதவும் வானலைக் கருவி) இருந்தால், அது 16-ஆம் சேனலுக்குக் காதுகொடுத்தபடி இருக்க வேண்டும். 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள அந்தச் சேனல், உலகக் கடல்கள் எங்கும் ஆபத்து அழைப்புக்கு உரியது. ஒருவரைக் கூப்பிடவும் அதைப் பயன்படுத்தலாம். பதில் கிடைத்ததும் இருவரும் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். அங்கேயே பட்டனை அழுத்தி ஊர்க்கதை பேசினால், மூழ்கும் படகின் குரல் அமுங்கிப்போகும். அலைக்கற்றைக்கு விதிகள் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

செல்போன் நிறுவனங்கள் அலைக்கற்றையை வட்டவாரியாக, அதாவது தொலைத்தொடர்புக்காக நாட்டைப் பிரித்த பகுதிவாரியாக, ஏலத்தில் எடுக்கின்றன. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டம். மாஹே கேரளத்தோடும் ஏனாம் ஆந்திரத்தோடும் சேரும். அந்த வட்டத்தில் அந்த அலைக்கற்றையைப் பயன்படுத்தும் உரிமை எடுத்தவருக்கே.

வைஃபைக்கு ஏலமும் இல்லை, உரிமமும் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை இந்தியா 2005-இல் திறந்துவிட்டது; 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி 605 மெகாஹெர்ட்ஸ் 2018-இல் கிடைத்தது. ஆற்றலுக்கு வரம்பு உண்டு. பக்கத்து வீட்டு ரூட்டர் இடைஞ்சல் செய்கிறது என்று யாரும் பாதுகாப்புக் கோர முடியாது.

புதுச்சேரி நேரு வீதியில் நின்று செல்போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால், கடைப்பெயர்கள் திரையை நிறைக்கும். கண்காணி யாரும் இல்லாமல் இத்தனையும் எப்படி ஒத்துப்போகின்றன? ஒவ்வொரு ரூட்டரும் முதலில் கேட்கிறது. சேனல் காலியாக இருந்தாலும் உடனே பாய்வதில்லை. 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து, 9 மைக்ரோ நொடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, பூச்சியத்தில்தான் பேசுகிறது. நடுவில் வேறொன்று பேச்சைத் தொடங்கினால் எண்ணிக்கையை நிறுத்தி, அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டும் ஒரே கணத்தில் பேசி மோதிவிட்டால், அடுத்த முறை 0 முதல் 31 வரை எடுக்கும். பிறகு 63, இப்படியே 1023 வரை. நெரிசல் கூடக்கூடப் பொறுமையும் கூடுகிறது! இதை வகுத்த பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வானிலை ரேடார்களில் ஒரு வகை 5.6 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அந்த அலைக்கற்றையை வைஃபையும் அவற்றோடு பகிர 2003 உலக வானலைத் தொடர்பு மாநாடு ஒப்புக்கொண்டபோது, விட்டுக்கொடுக்கும் பொறுப்பு வைஃபையின் தலையில் வந்தது. அந்தச் சேனல்களில் ரூட்டர் முதலில் 60 நொடியாவது காத்துக் கேட்க வேண்டும். ரேடார் துடிப்பு தென்பட்டால் 10 நொடிக்குள் விலகி, 30 நிமிடம் அந்தப் பக்கம் வரக்கூடாது. இணையம் சற்றுத் தடைபடும்தான். 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைக் கண்டவர்கள் அதைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள்.

அனுமதியில்லாத செல்போன் சிக்னல் பூஸ்டர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவற்றுக்குக் கேட்கத் தெரியாது. வருவதையெல்லாம், இரைச்சலையும் சேர்த்து, பெருக்கி கோபுரத்தை நோக்கித் தள்ளும். ஒரு வீட்டில் செல்போனின் சிக்னல் கோடுகள் நிறையும். தெருவில் மற்றவர்களின் அழைப்புகள் அறுபடும். அனுமதியின்றி அதை விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம்.