செய்துபார்த்துக் கற்பது பிள்ளையின் உரிமை: சட்டம் சொல்வதும், பள்ளியில் நாம் கேட்க வேண்டியதும்

கல்வி உரிமைச் சட்டம் என்றால் பலருக்கும் தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீடுதான் நினைவுக்கு வரும். சேர்க்கை நேரத்தில் ஆர்.டி.இ. என்று பேசுவோம், இடம் கிடைத்ததும் மறந்துவிடுவோம். 2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதோடு நின்றுவிடவில்லை. உள்ளே வந்த பிள்ளைக்கு எப்படிக் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அதைச் சொல்வது 29-ஆவது பிரிவு. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை பாடத்திட்டமும் மதிப்பீடும் எப்படி அமைய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும்போது, செயல்பாடுகள் வழியாகவும், தானே கண்டறிந்தும், தேடிப்பார்த்தும் பிள்ளை கற்க வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. அதற்கு அடுத்த வரிகளில் தாய்மொழியில் கற்பிப்பதும், பயமில்லாமல் பேச விடுவதும் இருக்கின்றன. இது அரசுப் பள்ளிக்கு மட்டும் எழுதிய பிரிவும் இல்லை. தனியார் பள்ளிக் கட்டண ரசீதில் ‘செய்முறை அறிவியல்’ என்று தனி வரி போட்டு வாங்கும் இடங்களில், சட்டமே எதிர்பார்க்கும் ஒன்றுக்குத்தான் நாம் கூடுதலாகப் பணம் கட்டுகிறோம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய எண்ணம் இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் அது மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் போனது. அட்டைகளை எடுத்து, தரையில் வட்டமாக உட்கார்ந்து, தன் வேகத்தில் பிள்ளைகள் படித்த வகுப்பறைகளைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சரி, இதற்கு ஆய்வகம் வேண்டாமா? பள்ளிக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் பதில் ‘எங்களிடம் லேப் இல்லையே’ என்பதுதான். கட்டாயம் இருக்க வேண்டியவை என்று சட்டத்தின் இணைப்புப் பட்டியலில் வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர், நூலகம் எல்லாம் உண்டு. 8-ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு அறிவியல் ஆய்வகம் கட்டாயம் என்று அதில் இல்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான கற்றல் கற்பித்தல் கருவிகள் வழங்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே ஆய்வகம் இல்லை என்பது செய்முறை இல்லை என்பதற்குக் காரணம் ஆகாது. வகுப்புக்குள் பொருள் வர வேண்டும், அவ்வளவுதான்.

அதே பட்டியலில் இன்னொரு முக்கியமான வரி உண்டு. 6 முதல் 8 வரையான வகுப்புகளில் அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்துக் குறைந்தது ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவும் இருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். உங்கள் நடுநிலைப் பள்ளியில் அறிவியல், கணித ஆசிரியர் இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தால் அதுதான் முதல் புகார். கருவிப் பெட்டியைப் பற்றிக் கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எந்த வகுப்புக்கு எந்தத் திட்டம்?

இங்கேதான் பெற்றோருக்குக் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு வகுப்பில் தொடங்குகிறது.

சின்ன வகுப்புகளுக்குத் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம். 2022-23 கல்வியாண்டில் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டே 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. கொரோனாவில் பள்ளி மூடியிருந்த காலத்தில் விட்டுப்போன எழுத்தறிவையும் எண்ணறிவையும் மீட்பதற்காக வந்தது இது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்ற செயல்பாடுகளைத் தருவார்கள். பெயரில் அறிவியல் இல்லையே என்று இதைக் கடந்துபோக வேண்டாம். பத்துப் பத்துக் குச்சிகளைக் கட்டுகளாகக் கட்டி 34 என்பது மூன்று கட்டும் நான்கு குச்சியும் என்று தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு, இடமதிப்பு பிறகு எப்போதும் தடுமாறாது. ஒரே அளவுள்ள இரண்டு தாள்களில் ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் மடித்துப் பார்த்தால், மூன்றில் ஒன்றைவிட இரண்டில் ஒன்று ஏன் பெரியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மேல் வகுப்பில் அறிவியல் பிடிபடாமல் போவதற்குப் பல நேரம் காரணம் இந்த அடிப்படை கையில் இல்லாததுதான் என்று நான் நினைக்கிறேன்.

6 முதல் 8 வகுப்புகளுக்கு வானவில் மன்றம். 2022 நவம்பர் 28 அன்று திருச்சி மாவட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ‘எங்கும் அறிவியல், யாவும் கணிதம்’ என்பது இதன் முழக்கம். தொடங்கும்போது 25 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு என்று திட்டமிட்டார்கள். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) கருத்தாளர் எனப்படுபவர் இருசக்கர வண்டியில் பரிசோதனைப் பொருள்களோடு பள்ளிக்கு வருவார். நடமாடும் ஆய்வகம் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அது பேருந்து அளவுக்குப் பெரியது என்று கற்பனை செய்ய வேண்டாம். அவரும் பள்ளியின் அறிவியல், கணித ஆசிரியர்களும் சேர்ந்து பிள்ளைகளைச் சோதனை செய்ய வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்குப் பிள்ளைகள் கட்டணம் எதுவும் தர வேண்டாம்.

கருத்தாளர் வருகிற நாள் நல்ல நாள். ஆனால் பல பள்ளிகளைக் கவனிக்கும் ஒருவர் அடிக்கடி வர முடியாது. அவர் வராத நாள்களில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை. அவர் காட்டிவிட்டுப் போனதை ஆசிரியர் மறுபடி செய்யவைக்கவில்லை என்றால், அது பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கையாக முடிந்துவிடும்.

வசதியுள்ள பெரிய பள்ளி என்றால் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கலாம். நிதி ஆயோக்கின் கீழுள்ள அடல் புத்தாக்கத் திட்டம் 2016-லிருந்து இதற்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம், மின்னணு உதிரிகள், சென்சார்கள் எல்லாம் அதில் அடங்கும். 6 முதல் 12 வகுப்பு வரைக்கானது என்பதால், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் உங்கள் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேல்தான் திறப்போம் என்று சொன்னால் ஏற்க வேண்டாம்.

பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு யோசனை இருந்தால் இன்ஸ்பயர் மானக். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இந்தத் திட்டத்தில், ஒரு பள்ளி 5 யோசனைகள் வரை இணையத்தில் பதிவு செய்யலாம். தேர்வானால் மாதிரி செய்வதற்கு 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். 6-ஆம் வகுப்பிலிருந்தே தகுதி உண்டு, பதிவை மட்டும் பள்ளிதான் செய்ய வேண்டும். கடைசித் தேதிக்கு முன்பு தலைமை ஆசிரியரிடம் நினைவுபடுத்துங்கள். யோசனை பிள்ளையுடையதாக இருக்கட்டும். அப்பா செய்துகொடுத்த மாதிரியை நடுவர் எளிதாகக் கண்டுபிடிப்பார்.

பணம் எங்கிருந்து?

சமக்ர சிக்‌ஷா எனும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆண்டு மானியம் உண்டு. எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை மாறும்: 100-க்கு மேல் 250 வரை பிள்ளைகள் இருந்தால் 50,000 ரூபாய், ஆயிரத்துக்கு மேல் என்றால் 1 லட்சம். பழுதான கருவிகளை மாற்றுவது, கற்பித்தல் துணைப்பொருள்கள், ஆய்வகச் செலவு, மின்கட்டணம், இணையம், தண்ணீர் என்று எல்லாமே இதற்குள்தான் வரும். அதனால் சோதனைப் பொருளுக்குத் தனியாகப் பணம் இல்லை என்ற பதில் பாதிதான் சரி. 2024-25-இல் ஒன்றிய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றதால் பள்ளிகள் தவித்தது உண்மை. ஆகவே இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கணக்கோடு கேட்பதே நியாயமான வழி.

கேட்பதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 21-ஆவது பிரிவின்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதி பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, மானியம் செலவாவதைப் பார்ப்பது மூன்றும் குழுவின் வேலையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. கூட்டத்தில் ‘அறிவியலை நன்றாக நடத்துங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், முடிந்துவிடும். ‘7-ஆம் வகுப்புக்கு நான்கு பிள்ளைகளுக்கு ஒரு தொகுப்பு வீதம் பேட்டரி, பல்பு, கம்பி வாங்க வேண்டும்’ என்று பொருளும் எண்ணிக்கையுமாகச் சொல்லி, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தக் குழு விதி பொருந்தாது. அங்கே பெற்றோர் கூட்டத்தில்தான் பேச வேண்டும். பெற்றோரை அடிக்கடி சந்தித்துப் பிள்ளையின் கற்றல் நிலையைச் சொல்வதும் ஆசிரியரின் கடமையாக 24-ஆவது பிரிவில் இருக்கிறது.

உண்மையிலேயே செய்தார்களா என்று எப்படித் தெரியும்? பிள்ளையின் நோட்டைப் பாருங்கள். ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி ஆட்டினால் 10 அலைவுக்கு (ஒருமுறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு) சுமார் 20 நொடி ஆகும். நூலைக் கால் மீட்டராகக் குறைத்தால் 10 நொடி. கல்லின் எடையைக் கூட்டினால் நேரம் மாறாது, இதுதான் பிள்ளைகளை வியக்க வைக்கும் இடம். கையால் அளந்தால் ஒருவருக்கு 19 வரும், இன்னொருவருக்கு 21 வரும். வகுப்பில் எல்லா நோட்டிலும் அச்சுப்போல ஒரே எண் இருந்தால் அது கரும்பலகையிலிருந்து எழுதியது. தப்பான அளவு வந்த நோட்டை நான் அதிகம் மதிப்பேன். ஏன் 23 வந்தது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டால், நூல் நழுவியதையோ எண்ணிக்கை விட்டுப்போனதையோ சொல்லும். அறிவியல் அந்தப் பதிலில்தான் நடக்கிறது.

யார் கையில் பொருள் இருந்தது என்றும் கேளுங்கள். குழுவாகச் செய்யும்போது பையன்கள் கம்பியை இணைக்க, பெண் பிள்ளைகள் அளவை எழுத மட்டும் உட்கார்வது பழக்கமாகிவிடுகிறது. முறை மாற்றி எல்லோரும் தொட வேண்டும் என்று ஆசிரியரிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். மாற்றுத்திறனாளிப் பிள்ளையை ஓரமாக உட்கார வைப்பது அதைவிடப் பெரிய தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, அந்தச் சட்டம் குறிப்பிடும் அளவுக்கு ஊனமுள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை கற்றல் பொருள்களும் உதவிக் கருவிகளும் இலவசமாகத் தரப்பட வேண்டும். பார்வையற்ற பிள்ளை ஊசலைக் கைவிரலில் தொட்டு எண்ணலாம், சூடாகிறதா குளிர்கிறதா என்று தொட்டுச் சொல்லலாம்.

பள்ளியில் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417-இலும் கேட்கலாம். சட்டப்படியான வழி 32-ஆவது பிரிவில் இருக்கிறது: பிள்ளையின் உரிமை தொடர்பான குறையை உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்தில் தந்தால், இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மனுவில் பிரிவு எண்ணையும், வகுப்பையும், எந்தப் பாடத்தில் எந்தச் சோதனை நடக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். குழுத் தீர்மானத்தின் நகல் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.