கொத்து ரொட்டி: சொல்லும் செய்முறையும்

கொத்து ரொட்டி: சுட்ட ரொட்டியைத் துண்டாக்கி, மரக்கறி, முட்டை, இறைச்சி ஆகியவற்றோடு சூடான இரும்புத் தட்டில் குழம்பு விட்டுக் கொத்திக் கலக்கும் இலங்கை உணவு. தமிழ்நாட்டில் கொத்து பரோட்டா. சிங்களத்திலும் கொத்து என்ற தமிழ்ச் சொல்லே வழங்குகிறது. மட்டக்களப்புப் பக்கம் தோன்றியது என்று பரவலாகச் சொல்வார்கள். இன்று மாலையானதும் கொழும்பில் வெள்ளவத்தையிலும் மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வாசலில் தகடுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

முதற்பகுதி 'கொத்து' என்ற வினை. கோழி கொத்தும், பாம்பு கொத்தும், மண்வெட்டியால் நிலத்தைக் கொத்துவோம். கூரான விளிம்பு மேலிருந்து விழுந்து ஒரு துணுக்கைப் பெயர்த்தெடுப்பது இவை எல்லாவற்றுக்கும் பொது. அரைத்தலும் இல்லை, நசுக்கலும் இல்லை. சமைக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்தால் தட்டில் கொத்துக்குப் பதில் களிதான் இருக்கும்.

இலக்கணப்படி கொத்து ரொட்டி ஒரு வினைத்தொகை. கொத்திய, கொத்துகின்ற, கொத்தும் என்று மூன்று காலத்துக்கும் விரியும், ஊறுகாய், சுடுசோறு போல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே 'கொத்துப் பரோட்டா' என்று இடையில் ஒற்றுப் போடத் தேவையில்லை. கொழும்பில் இந்தச் சொல் இன்னொரு படி நகர்ந்திருக்கிறது. 'ஒரு சிக்கன் கொத்து' என்று கேட்கும்போது கொத்து வினையல்ல, உணவின் பெயர். அப்படிப் பெயரான பிறகு அது சொல்லின் கடைசிக்கு வந்து அமர்ந்துகொண்டது: இடியப்பக் கொத்து, புட்டுக் கொத்து. எதைக் கொத்தினாலும் பின்னால் ஒட்டலாம் என்பதால்தான் புதுப்புது வகைகளுக்குப் பெயர் தேடி யாரும் அலைவதில்லை. வீட்டுச் சப்பாத்தியில் செய்தால் சப்பாத்திக் கொத்து, அவ்வளவுதான்.

'ரொட்டி' வட இந்திய மொழிகளிலிருந்து வந்த சொல். ரகரமும் றகரமும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராதவை, எனவே 'றொட்டி' என்று எழுதுவதால் அது தூய தமிழாகிவிடாது. அச்சில் ரொட்டி என்ற வடிவமே பெருவழக்கு. தமிழ்நாட்டில் ரொட்டி என்றால் பேக்கரி ரொட்டியையும் குறிக்கும். இங்கே இலங்கையில் அந்தக் குழப்பமில்லை. அதற்குப் பாண் இருக்கிறது, 1505இல் வந்த போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து கிடைத்த சொல். தட்டையாகத் தட்டியோ வீசியோ சுடுவது மட்டுமே ரொட்டி. கடைக் கொத்துக்குப் போவது, எண்ணெயில் ஊறவைத்த மாவை மெல்லிதாக வீசிச் சுடும் வீச்சு ரொட்டி. சிங்களத்தில் கோதம்ப ரொட்டி.

சரியான தமிழ் எது? தட்டையான பண்டத்துக்குப் பழைய சொல் 'அடை'. மதுரைக்காஞ்சியில் தேன்கூட்டை உவமையாகக் கொண்ட 'மெல்லடை' வருகிறது. பரோட்டாவுக்குப் 'புரியடை' என்று இணையத்தில் உலவும் சொல் நன்றாகவே பொருந்துகிறது. மாவைக் கயிற்றுப் புரியாகச் சுருட்டித்தானே பரோட்டா தட்டுகிறோம். அந்த வழியில் கொத்து ரொட்டியைக் 'கொத்தடை' என்னலாம், புணர்ச்சியும் சரியாக வரும். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அடை என்றதும் பருப்பும் அரிசியும் அரைத்த அடையே நினைவுக்கு வரும். அகராதி விளக்கத்துக்குக் கொத்தடை நல்லது. கடைப் பலகைக்கும் சமையல் குறிப்புக்கும் கொத்து ரொட்டி போதும். செய்யும் முறையைச் சொல்லும் பாதி ஏற்கெனவே தமிழ்.

இதைவிடப் பெரிய சிக்கல் 'கோதுமை மா'வில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் குறிப்பில் கோதுமை மாவு என்றால் தவிடுள்ள முழுக்கோதுமை மா, இங்கே ஆட்டா மா என்று விற்பது. இலங்கையில் கோதுமை மா என்றால் வெள்ளை மா. அங்கே அது மைதா, இங்கே பழைய ஆட்களுக்கு அமெரிக்கன் மா. தமிழ்நாட்டுக் குறிப்பைப் பார்த்து வெள்ளை மாவுக்கு ஆட்டா மாவின் அளவுத் தண்ணீரை விட்டால் மா கையில் ஒட்டும். தவிடு குடிக்கும் தண்ணீரை வெள்ளை மா குடிக்காது.

இனி, இந்தியச் சப்பாத்தியும் கொழும்புக் கொத்தும் சேரும் சப்பாத்திக் கொத்து, இருவருக்கு. 150 கிராம் ஆட்டா மா, 50 கிராம் கோதுமை மா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஏறத்தாழ 125 மில்லிலீற்றர் தண்ணீர். ஆட்டா மாவில் மட்டும் செய்தால் தவிடு மாவைப் பிணைக்கும் குளூட்டன் இழைகளை அறுத்துவிடும், கொத்தும்போது துண்டுகள் தூளாகும். அதற்காகத்தான் கொஞ்சம் வெள்ளை மா. பத்து நிமிடம் குழைத்து, மூடி அரைமணி நேரம் விட்டு, ஆறு உருண்டையாக்கி, 18 சென்ரிமீற்றர் அகலத்துக்குத் தேய்க்கவும். தோசைக்கல்லில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். மொறுமொறுப்பாகக் காயவிட வேண்டாம், பின்னால் குழம்பை ஏற்காது.

சுட்டதை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் துணியில் பரப்பி ஆறவிடவும். அடுக்கினால் ஆவி உள்ளேயே நின்று மேற்பரப்பு ஈரமாகும். ஆறியதும் மூடி, இரவு முழுதும் குளிர்சாதனப்பெட்டியில் வைப்பது மிக நல்லது. குளிரில் மாப்பொருள் இறுகுவதால் துண்டுகள் உருக்குலையாமல் நிற்கும். சுடச்சுடச் சப்பாத்தியைக் கொத்தப் போய்க் கூழாக்குவதுதான் வீட்டில் அதிகம் நடக்கும் தவறு. மறுநாள் ஒரு சென்ரிமீற்றர் அகல, நான்கு சென்ரிமீற்றர் நீளக் கீற்றுகளாக வெட்டி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறி உதிர்த்து வைக்கவும். வீச்சு ரொட்டியானால் இதைவிடப் பெரிதாக வெட்டலாம், தட்டில் கொத்தும்போது சிறுத்துவிடும். சப்பாத்தி அவ்வளவு அடி தாங்காது.

பெரிய தாச்சியில், அதாவது வாணலியில், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். அது புகையத் தொடங்கும் தறுவாயில் வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் மூன்று, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை, ஒரு தேக்கரண்டி இஞ்சி உள்ளி (பூண்டு) விழுது. மணம் வந்ததும் லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் சேர்த்து 150 கிராம். மூடக்கூடாது. மூடினால் மரக்கறி தண்ணீர் விடும், அந்தத் தண்ணீர் ரொட்டிக்குள் போகும். பெரு நெருப்பில் இரண்டு நிமிடம் வதக்கி, ஓரமாக ஒதுக்கி, நடுவில் இரண்டு முட்டையை உடைத்துக் கிளறவும். முட்டை பாதி இறுகியதும் கீற்றுகளைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டவும். முட்டை கீற்றுகளில் பூசிக்கொண்டு ஒரு மெல்லிய தோலாகும், குழம்பு உடனே ஊறிவிடாமல் அது தடுக்கும். ஆகவே முட்டைக்கு முன் குழம்பு கூடாது.

குழம்பு, முஸ்லிம் வீடுகளில் ஆணம், மொத்தம் 120 மில்லிலீற்றர். கோழிக் குழம்பானால் எலும்பு நீக்கிய இறைச்சியும் ஒரு கைப்பிடி. மூன்று தரமாக விடவும். முதலில் விட்டது தாச்சியில் சீறி அடங்கிய பின்தான் அடுத்தது. கொத்துவதற்குத் தட்டையான இரும்பு அகப்பை இரண்டு போதும். விளிம்பு செங்குத்தாக விழவேண்டும், சாய்த்து அழுத்தினால் நசியும். ஒட்டாத பூச்சுள்ள சட்டியில் இந்த வேலை வேண்டாம், பூச்சு பெயர்ந்துவிடும். ஒரு நிமிடக் கொத்தல் தாராளம், கீற்று பாதியானால் நிறுத்தலாம்.

சீஸ் கொத்தாக்க வேண்டுமானால் முக்கோணச் சீஸ் துண்டு மூன்றை 60 மில்லிலீற்றர் சூடான பாலில் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகு கலக்கவும். இது போன்ற பதப்படுத்திய சீஸில், கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் உப்புகள் கொழுப்பைப் பிரியவிடாது. துருவிய செடார் அந்தச் சூட்டில் எண்ணெய் கக்கித் திரியும். மொசரெல்லா நூலாக இழுபடும், கீற்றுகளை ஒன்றாகக் கட்டிவிடும். சீஸிலேயே உப்பு இருப்பதால் குழம்பை 80 மில்லிலீற்றராகக் குறைத்து, மிளகுத்தூளைக் கூட்டவும். பரிமாறும்போது தேசிக்காயை (எலுமிச்சையை)க் கொத்தின் மேல் பிழிந்தால் சீஸ் திரைந்துவிடும், பக்கத்தில் ஒரு துண்டு வைத்தால் போதும்.